மகளின் மெடிக்கல் பிசிக்ஸ் படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கரூரில் சிறிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வருமான வரிக் கணக்கில் காட்டும் ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 2.5 லட்சம், விடுதிக்கு 70 ஆயிரம். வங்கி டெபாசிட் 4 லட்சம் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சேர்த்த 22 பவுனை அடகு வைத்துவிடலாம், வங்கிக்கு நடையாய் நடக்க வேண்டாம் என்கிறார் மைத்துனர். மகன் பத்தாவது படிக்கிறான். என்ன செய்யலாம் சார்?

பதில்: உங்கள் கணக்கு இரண்டு வருடத்தோடு முடிந்துவிடுகிறது. இந்தப் படிப்புக்கு மூன்றாவது வருடம் ஒன்று உண்டு. கல்லூரி விளம்பரத் தாளில் அது பெரிய எழுத்தில் இருக்காது.

புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக, அதாவது நோயாளிக்குத் தரும் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பவராக வேலை பார்க்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதி வகுத்திருக்கிறது. எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் பட்டம் மட்டும் போதாது. நல்ல வசதியுள்ள கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக் காலத்தில் சில மருத்துவமனைகள் உதவித்தொகை தரும், சில தராது. பட்டம் வாங்கிய கையோடு சம்பளம் வரும் என்று நினைத்து அடகுக் கடைக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். நகைக் கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. மூன்று வருடத்துக்கு இரண்டு முறையாவது வட்டி கட்டி மறு அடகு வைக்க வேண்டிவரும்.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. அந்த ஒரு வருடத்தைப் பயிற்சி அப்படியே விழுங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்குப் பயிற்சி இடம் பிடிக்கவே ஐந்து மாதம் ஆனது. கல்லூரி கையை விரித்துவிட்டது. பயிற்சி முடியும் முன்பே முதல் தவணைக்கான கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால் பணம் கட்டும் முன் கல்லூரியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வாரியம் கேட்கும் தகுதிக்கு இந்தப் பட்டம் பொருந்துமா? பயிற்சிக்கு எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் முடித்தவர்கள் இரண்டு பேரின் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. "ரேடியாலஜி அண்ட் இமேஜிங்" என்று பெயர் வைத்த எம்.எஸ்சி.யை இதற்குப் பதிலாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். அது எக்ஸ்ரே, ஸ்கேன் இயந்திரங்களை இயக்கும் டெக்னாலஜிஸ்டுகளுக்கான பாதை. இயற்பியல் படித்த பெண்ணை அது மருத்துவ இயற்பியலாளர் ஆக்காது.

இனி பணத்துக்கு வருவோம். இரண்டு வருடக் கட்டணம் 5 லட்சம் முழுவதையும் கல்விக் கடனாக வாங்குங்கள். 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருப்பதால் சொத்துப் பத்திரம் இல்லாமலே வங்கிகள் தருகின்றன. கூட்டுக் கடன்தாரராக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 2.5 லட்சத்துக்கு மாதம் சுமார் 2,083 ரூபாய், அடுத்த இரண்டு வருடமும் 4,167 ரூபாய். இந்த வட்டியை மட்டும் கடை வருமானத்திலிருந்து மாதாமாதம் கட்டிவிடுங்கள். மூன்று வருடத்தில் மொத்தம் 1.25 லட்சம் ஆகும். அப்புறம் ஏழு வருடத் தவணை மாதம் 8,300 ரூபாய். வட்டியைக் கட்டாமல் விட்டால் கடன் 6.25 லட்சமாக நிற்கும், தவணை 10,376 ரூபாயாக ஏறும். மொத்தக் கணக்கில் 49 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு 1% சலுகை தரும் வங்கிகளும் உண்டு, வாய் விட்டுக் கேளுங்கள்.

மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியையும் பாருங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்குத் தவணை தொடங்கும் வரையிலான காலத்துக்கு 3% வட்டி மானியம் கிடைக்கும். உங்கள் கடனுக்கு அது சுமார் 37,500 ரூபாய். வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இது கிடைக்காது. அந்தத் தனியார் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று வித்யாலட்சுமி இணையதளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்விக் கடன் வட்டிக்கான 80-இ வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில்தான் உண்டு. உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

டெபாசிட்டிலிருந்து விடுதிக்கு 1.4 லட்சம் போகும். மூன்றாவது வருடத்துக்கு மாதம் 10 ஆயிரம் வீதம் 1.2 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள். வெளியூரில் அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதில்தான். மீதி 1.4 லட்சத்தில் கை வைக்காதீர்கள். மகன் பிளஸ் டூ முடிக்கும்போது அந்தப் பணம் தேவைப்படும்.

கட்டணம் குறைய வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. இதே படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அங்கே விண்ணப்பித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியிலேயே எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஒரு வருடக் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோவுக்குப் போகலாம். தேர்வானவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை, பயிற்சியையும் சேர்த்தால் நான்கு வருடம் ஆகிவிடும். மதிப்பெண் நன்றாக இருக்கும் பெண் என்றால் நான் இந்தப் பாதையைத்தான் முதலில் பார்ப்பேன்.

வேலை கிடைக்குமா என்ற கவலைக்கு ஒரு வார்த்தை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் லினாக் இயந்திரம் வைத்து சிகிச்சை தரும் இடத்தில் மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் கட்டாயம் இருக்க வேண்டும். மருத்துவமனை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆள் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தொடக்கச் சம்பளம் ஐ.டி. கம்பெனி மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். 8,300 ரூபாய் தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படியானால் கைக்கு 25 ஆயிரமாவது வர வேண்டும். திருச்சியிலோ கோவையிலோ இரண்டு புற்றுநோய் மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கதிர்வீச்சு என்றதும் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் மார்பில், உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது ஆய்வகத்துக்குப் போய் எவ்வளவு பட்டது என்ற கணக்கு வரும். ஐந்து வருட சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது விதி. மகளைப் பார்க்கப் போகும்போது அந்தப் பேட்ஜைக் காட்டச் சொல்லுங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.