ஞாயிறு இரவை மட்டும் கேட்காதீர்கள்

(ரயில் பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, முன்பதிவு கவுண்ட்டரில் 31 ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் இரண்டு குழந்தைகளுடன் கோவில்பட்டியில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறோம். போவதற்கு டிக்கெட் கிடைத்துவிடுகிறது. பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு திரும்புவதற்குத்தான் காத்திருப்புப் பட்டியல். கடைசியில் ஆம்னி பஸ். தப்பிக்க வழி உண்டா? – வாசகி, குரோம்பேட்டை

உண்டு. அந்த ஓர் இரவை விட்டுக்கொடுங்கள். நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர், பொதிகை என்று எந்த ரயிலைச் சொன்னாலும், தென்மாவட்டம் முழுவதும் அதே ஞாயிறு இரவைத்தான் கேட்கிறது. பெட்டிகளை ரப்பர்போல் இழுக்க முடியாது.

ஊருக்குப் போகும் நாளை முதலில் முடிவு செய்கிறீர்கள். நானாக இருந்தால் திரும்பும் நாளைத்தான் முதலில் குறிப்பேன். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாட்கள். 2025-இல் பள்ளி திறந்தது ஜூன் 2, திங்கட்கிழமை. ஜூன் 1 இரவு ரயிலுக்கு ஏப்ரல் 2 அன்று காலை 8 மணிக்கே கதவு திறந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல்தான்.

இதில் இன்னொரு வம்பு, பள்ளி திறக்கும் தேதியே நகரும் என்பது. 2024-இல் ஜூன் 6 என்றார்கள். வெயிலால் 10-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். 2023-இல் ஜூன் 1, பிறகு 7, பிறகு 12 என்று மாறியது; சிறு வகுப்புகளுக்கு 14. ஒவ்வொரு முறையும் ஊரே பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் புதிய ஞாயிறைத் துரத்தியது. நாலு நாள் முன்னதாகவே திரும்பத் திட்டமிட்டிருந்தவர்களுக்கு அந்த ஓட்டமே இல்லை.

ஆகவே புதன் அல்லது வியாழன் இரவு கிளம்புங்கள். கணவருக்கு விடுப்பு இல்லை என்பீர்கள். அவர் ஏன் அழைத்துவர வேண்டும்? உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சீருடை தைக்கவும் புத்தகத்துக்கு அட்டை போடவும் வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக இருப்பார்.

ஞாயிறுதான் என்று அடம்பிடித்தால் பகலில் வாருங்கள். குருவாயூரிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் காலையில் உங்கள் பக்கம் வந்து, பகல் முழுக்க ஓடி, இரவில் சென்னையைத் தொடும். நம் ஆட்களுக்குப் பகல் பயணம் என்றால் ஒரு நாள் வீண் என்று எண்ணம். ஞாயிறு இரவு கோவில்பட்டி நடைமேடையை நினைத்துப் பாருங்கள்: ஒரு கையில் கடலை மிட்டாய்ப் பை, மறு கையில் முறுக்கு டின், தோளில் தூங்கும் பிள்ளை. ரயில் நிற்பதோ ஓரிரு நிமிடம். உங்கள் பெட்டி எஸ்-3 நாலு பெட்டி தள்ளி நிற்கிறது. இதற்கு ஒரு பகல் போவது பரவாயில்லை.

இன்னொன்று. சில ரயில்களில் இடையில் ஏறும் ஊர்களுக்கு ஒதுக்கீடு குறைவு. அங்கே காத்திருப்புப் பட்டியல் லேசில் நகராது. ரயில் புறப்படும் ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடமாகக் கோவில்பட்டியைக் குறித்துப் பாருங்கள். கூடுதல் தூரத்துக்குக் காசு போகும், போகட்டும். ஏறும் இடத்தைக் குறிக்க மறந்தால் மட்டும், நீங்கள் வரவில்லை என்று உங்கள் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும்.

காத்திருப்பு டிக்கெட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆன்லைனில் எடுத்தது உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். கவுண்ட்டரில் எடுத்ததை வைத்திருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் இடமில்லை.

கேள்வி: திருச்சியில் நள்ளிரவு 12.30 மணிக்கு ஏறவேண்டிய ரயில். ஞாயிறு இரவுப் பயணம்தானே, எந்தத் தேதி போடுவது? – வாசகர், ஸ்ரீரங்கம்

திங்கட்கிழமை தேதி. ஞாயிறு என்று போட்டால், சனிக்கிழமை மாலை கிளம்பிய ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் பெட்டி கட்டும்போது அது சென்னையில் கழுவப்பட்டுக்கொண்டிருக்கும்.

இதை ஆயிரம் பேருக்குக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எச்சரித்தவன் நான். தங்கை மகள் திருமணத்துக்குப் போன வருடம் நானே இப்படி மாட்டினேன். என் படுக்கையில் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பிச் சண்டை போட்டேன். பரிசோதகர் வந்து என் டிக்கெட்டை விளக்கில் பிடித்துப் பார்த்து, "சார், இது நேற்றைய ரயில்" என்றார். எங்கே வேலை பார்த்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

தட்கல் எடுப்பதானால் இன்னும் கவனம். ரயில் தன் முதல் ஊரிலிருந்து ஞாயிறு கிளம்புகிறது என்றால், உங்கள் திங்கள் பயணத்துக்கும் தட்கல் சனிக்கிழமையே தொடங்கும். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11. ஆதார் இணைக்காத கணக்கில் ஆன்லைன் தட்கல் கிடையாது. அதை முன்பே முடித்துவையுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு அரை டிக்கெட் போதுமா? – வாசகர், விருதுநகர்

போதும், படுக்கை வேண்டாம் என்றால். 5 வயது முதல் 11 வயது வரை படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம்தான். சும்மா இருக்கும் மாதத்தில் அரை டிக்கெட் எடுத்து மிச்சம் பிடியுங்கள். ஜூன் முதல் வாரத்தில் முழு டிக்கெட் எடுங்கள். ஏழு வயதுப் பையன் தூக்கத்தில் உதைக்கும் உதை உங்களுக்குத் தெரியாததா?