ஆற்றங்கரையில் கல் நட்டிருந்தால் குதிரைக்கு வழி கேட்பது எப்படி?

கும்பகோணம் பக்கம் ஆற்றங்கரைப் பாதையில் கல் நட்டிருப்பதால் குதிரையோடு போக முடியவில்லை, மெயின் ரோட்டில்தான் போக வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். கல்லை நீங்களே பிடுங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் ஆற்றங்கரை பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அந்தப் பகுதி உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கல்லையே எடுக்கச் சொல்லாமல், ஒரு குதிரை நுழையும் அளவுக்கு இடைவெளி கேளுங்கள். மெயின் ரோட்டில் பஸ் ஹாரனுக்குக் குதிரை மிரள்வதையும் கட்டாயம் எழுதுங்கள்.

பெரும்பாலும் மணல் வண்டிகளைத் தடுக்கத்தான் இப்படிக் கல் நடுவார்கள். உங்களைத் தடுப்பது அவர்கள் நோக்கமாக இருக்காது.

மனு கொடுக்கப் போவதற்கு முன், சர்வே எண்ணை வைத்து அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று காட்டும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். புறம்போக்கு, வண்டிப்பாதை என்று இருந்தால் உங்கள் மனு வலுவாக நிற்கும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் பேசுவதுதான் வழி. பதிலே வராவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது.

அனுமதி கிடைத்தாலும் கவனம் தேவை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால் ஜனவரி 28 வரை தண்ணீர் வரும், கரை ஊறியிருக்கும். நண்டு வளையிலோ எலி வளையிலோ கால் இறங்கினால் குதிரைக்கு எலும்பே முறியலாம். குளம்பு பட்டுக் கரை சரிந்தால் கீழே இருக்கும் நெல் வயலுக்கும் ஆபத்து. அதனால் முதலில் நீங்கள் மட்டும் முழுக்க நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குதிரையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.