பீலியில் ஐஸ் தொங்கினால் பீலியையா குறை சொல்வது?

பிரம்ரனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன பெப்ரவரியில் கூரைத் தண்ணீரை வடிக்கும் முன்பக்கப் பீலி முழுக்க ஐஸ் பிடித்து, வாசலுக்கு மேலே ஈட்டி ஈட்டியாகத் தொங்கி, கடைசியில் படுக்கையறைச் சீலிங்கில் மஞ்சள் கறையும் வந்துவிட்டதாம். போன சனிக்கிழமை கதவைத் தட்டிய ஒருவர், பீலிக்கு மேல் வலை மூடி போட்டு, கூரை ஓரம் முழுக்கச் சூடாக்கும் கேபிளும் ஓட்டினால் இனி ஐஸே பிடிக்காது என்று சொல்லி, 4,800 டொலருக்குக் கையெழுத்து வாங்கி, 500 டொலர் முற்பணமும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். "நான் செய்தது சரியா?" என்று கேட்கிறார்.

சரியில்லை. ஆனால் நாள் இருக்கிறது, அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். ஒன்ராறியோவில் உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட இப்படியான ஒப்பந்தத்தை, அதன் பிரதி உங்கள் கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். ஃபோனில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவேண்டாம், ஈமெயிலில் இரண்டு வரி எழுதி அனுப்பி அதைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் அப்படி அறிவித்து 15 நாளுக்குள் முற்பணத்தைத் திருப்பித் தரவேண்டியது அவர்கள் கடமை.

இனி ஐஸ் விஷயம். உங்கள் பீலி ஐஸை உண்டாக்கவில்லை. வீட்டுச் சூடு, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் அற்றிக்குக்குள் கசிகிறது, கூரையின் மேல்பகுதி சூடாகிறது, அங்கே கிடக்கும் ஸ்னோ அடியில் உருகித் தண்ணீராக இறங்குகிறது. கூரையின் ஓரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் அதற்குக் கீழே சூடு கிடையாது, தண்ணீர் அங்கே வந்ததும் உறைந்து அணை மாதிரிக் கட்டிவிடுகிறது. பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் கூரையை மூடியிருக்கும் ஷிங்கிள் தகடுகளுக்கு அடியால் ஏறி உள்ளே இறங்குகிறது. உங்கள் சீலிங் கறை அதுதான். வலை மூடி இலையைத் தடுக்கும், ஐஸைத் தடுக்காது. மூடியின் மேலேயே ஐஸ் பிடித்து நின்ற எத்தனையோ வீடுகளை நான் பார்த்துவிட்டேன்.

சந்தேகமென்றால், லேசாக ஸ்னோ கொட்டிய மறுநாள் காலை தெருவில் நின்று பக்கத்து வீட்டுக் கூரையையும் உங்கள் கூரையையும் பாருங்கள். அங்கே வெள்ளையாகக் கிடக்க, உங்கள் கூரையில் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுப்புத் தெரிந்தால் சூடு அந்த இடங்களால் போகிறது. அப்புறம் அற்றிக் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சூடு கசியாமல் அங்கே பரப்பியிருக்கும் பஞ்சுக்கு மேலே மரச்சட்டங்களின் முதுகு தெரிகிறதா? அப்படியென்றால் இன்சுலேஷன் போதாது. இன்றைக்கு ஒன்ராறியோவில் சொல்லப்படும் அளவு ஆர்-60 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு), பஞ்சின் வகையைப் பொறுத்து 16 அங்குலமோ அதற்கு மேலோ வரும். பாத்ரூம் ஃபேனின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அற்றிக்குள்ளேயே அவிழ்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் சீலிங்கில் சூடு கசியும் ஓட்டைகளை அடைக்கவேண்டும், பிறகுதான் பஞ்சு. கூரை ஓரத்துக் காற்று வழியைப் பஞ்சு மூடக்கூடாது, அதைப் பிளாஸ்டிக் தடுப்பு வைத்துத் திறந்தே விடவேண்டும். அவசரத்தில் பஞ்சை ஊதிவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள்.

கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடியாது. "அக்கா, நானும் எங்கட ஊர் ஆள்தான்" என்று தொடங்கி, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் பேசி, கடைசியில் ஐபேடை நீட்டுவார்கள். வந்தவர் பெரும்பாலும் கமிஷன்காரர், வேலை செய்யப்போவது வேறொருவர், "ஆயுள்கால உத்தரவாதம்" என்பது அந்தக் கம்பனியின் ஆயுள்காலம். 2018-இல் மாகாணம் வீட்டுக்கு வீடு விற்பதைத் தடை செய்தது, ஆனால் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், தண்ணீர் ஃபில்டர் போன்றவற்றுக்குத்தான். கூரையும் பீலியும் அந்தப் பட்டியலில் இல்லை. மின்வேலைக்கு லைசென்ஸ் கேட்கும் இதே மாகாணம் கூரை வேலைக்கு அப்படியொன்றைக் கேட்பதில்லை. இத்தனை வருடமாகச் சனம் ஏமாந்துகொண்டிருக்க, இதைச் சரிசெய்ய இவர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்? யாரை வேலைக்கு எடுத்தாலும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையில் காயப்படுபவர்களுக்கான மாகாணக் காப்புறுதிச் சபை) கிளியரன்ஸும் இன்சூரன்ஸ் பத்திரமும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அனுப்பிவிடுங்கள்.

பீலிக்குச் செய்யவேண்டியது சின்ன வேலை. கடைசி இலையும் விழுந்த பிறகு, நவம்பர் கடைசிக்குள், அள்ளித் துப்புரவாக்கி ஹோஸ் பிடித்து விடுங்கள். கீழே குழாய் வளைவில் தண்ணீர் தேங்காமல் வந்தால் போதும். ஏணியைப் பீலியில் சாய்க்கவேண்டாம், நெளிந்துவிடும்.

கேபிள் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு இடத்தில் அது உதவும். அற்றிக்கைச் சரிசெய்த பிறகும், வெயிலே படாத வடக்குப் பக்கத்தில், நடந்து போகும் வழிக்கு மேலே இருக்கும் பீலியும் குழாயும் உறைந்தால் அங்கே மட்டும் போடலாம். அப்போதும் கேபிள் பீலியில் நின்றுவிடக்கூடாது, குழாய்க்குள் இறங்கி அதன் வாய் வரை வரவேண்டும். பாதியில் நின்றால் உருகின தண்ணீர் கீழ் வளைவில் திரும்ப உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். குளிருக்குத் தக்கபடி தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டி ஒட்டவேண்டாம், மின்சாரம் கசிந்தால் தானே நின்றுவிடும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கில்தான் குத்தவேண்டும், வெளியே அந்தப் பிளக் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கூரை ஓரம் முழுக்க ஓட்டுவது கரண்ட் பில்லை ஏற்றத்தான் உதவும்.

இந்த வருடம் வேலை முடியுமுன்னே ஐஸ் பிடித்துவிட்டால் சுத்தியலால் அடிக்கவேண்டாம், சாதாரண உப்பும் போடவேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும். நிலத்தில் நின்றபடியே நீளக் கைப்பிடி உள்ள ரூஃப் ரேக்கால் ஓரத்து ஸ்னோவை மூன்று நாலு அடிக்கு இழுத்துவிடுங்கள். கட்டிய ஐஸ் அசையாவிட்டால், பழைய நைலோன் ஸ்டாக்கிங்கில் கல்சியம் குளோரைட் நிரப்பி, ஐஸின் மேல் குறுக்காக, ஒரு முனை பீலிக்கு வெளியே நீட்டும்படி கிடத்தினால் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் உருகி வரும். ஏணி வைத்து ஏறவேண்டிய உயரம் என்றால் அதையும் நீங்கள் செய்யவேண்டாம், நீராவியால் ஐஸ் எடுக்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.