அண்ணியைப் பாக்காம சைக்கிள் எடுக்காதீங்க

கேள்வி: அக்கா, எங்க காரைக்குடி சைக்கிள் குரூப்ல வாத்தியாரு, பேங்க்ல வேலை பாக்குறவங்க, கடை வச்சிருக்கவங்க, காலேஜ் பசங்கன்னு ஒரு இருபது பேரு இருக்கோம். ஞாயித்துக்கிழமை இருட்டோட கிளம்பி கானாடுகாத்தான் வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு திரும்புவோம். போன மாசம் திருச்சி ரோட்ல பின்னாடி வந்த கார் ஒண்ணு, குரூப்பை ஆரம்பிச்ச அண்ணனை அடிச்சு, அங்கேயே போயிட்டாரு. ஹெல்மெட் போட்டிருந்தாரு, பின் லைட்டும் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. கார்காரர் சென்னையிலருந்து ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து கண்ணசந்துட்டாராம். அண்ணனுக்கு நேர் பின்னாடி வந்தது நான்தான். ஆஸ்பத்திரியில அண்ணி என்னைப் பாத்து "நீங்கதானேடா கூட்டிட்டுப் போனீங்க"ன்னு கத்துனாங்க, அதுலருந்து அந்த வீட்டுப் பக்கமே போக முடியல, பதினாறாம் நாளுக்கும் போகல. குரூப்ல பாதிப் பேரு சைக்கிளே வேண்டாங்குறாங்க, பாதிப் பேரு அண்ணனோட உடைஞ்ச சைக்கிளுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு அந்த இடத்துல நிறுத்தி பெரிய ரேலி போகணுங்குறாங்க. அண்ணன் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், அப்பாவோட பழைய சைக்கிள்ல நானும் வர்றேன்னு மெசேஜ் பண்றான். என்ன பண்ணட்டும்?
(பெயர் வேண்டாம், காரைக்குடி)

பதில்: தம்பி, ரேலி, பெயிண்ட், பையன் எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு முதல்ல அந்த வீட்டுக்குப் போங்க. கேதம் கேக்க நாள் கடந்துபோச்சேன்னு நினைக்காதீங்க, செவ்வாய் வெள்ளி வரலாமா கூடாதான்னு அவங்க வீட்டு வழக்கத்தை சொந்தக்காரங்க யார்கிட்டயாவது விசாரிச்சுட்டு, குரூப்லருந்து கூட ஒருத்தரை மட்டும் கூட்டிட்டு போங்க, இருபது பேரு ஜெர்சியோட போய் நிக்க வேண்டாம், அந்த ஜெர்சியைப் பாத்தாலே அவங்களுக்கு அன்னைக்குக் காலையிலதான் ஞாபகம் வரும். போய் உக்காருங்க. அவங்க திட்டுனா கேட்டுக்கோங்க, லைட் இருந்துச்சு அண்ணி, ஓரமாத்தான் போனோம் அண்ணின்னு விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீங்க. அவங்க கேட்டா மட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. கடைசியா அவர்கூட இருந்தது நீங்க. அன்னைக்கு வழியில என்ன பேசிட்டு வந்தாரு, வலியில கஷ்டப்பட்டாரா, இதெல்லாம் என்னைக்காவது ஒருநாள் அண்ணி கேக்கத்தான் செய்வாங்க, அதை உங்களைத் தவிர வேற யாராலயும் சொல்ல முடியாது.

"நீங்கதானேடா கூட்டிட்டுப் போனீங்க"ங்குறது உங்களைக் குத்தவாளியாக்குற வார்த்தை இல்ல தம்பி. காலையில தூங்கி எந்திரிக்கும்போது பக்கத்துல இருந்த மனுசன் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில துணி சுத்திக் கிடந்தா அந்த நேரத்துல கண்ணு முன்னாடி யார் நிக்கிறாங்களோ அவங்க மேலதான் அந்தக் கோபம் போய் விழும், கார்காரர் அங்க இல்ல, நீங்க இருந்தீங்க. அதோட இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, இந்த ஒரு மாசமா அவங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் என்ன கேட்டிருப்பாங்க? ஹெல்மெட் போட்டிருந்தாரா, இந்த வயசுல எதுக்கு சைக்கிள், அந்த ரோட்ல எதுக்குப் போனாரு, நீ ஏன் தடுக்கல. எனக்கு இதைக் கேட்டாலே மனசு கொதிக்குது. தூங்கிக்கிட்டே காரை ஓட்டினவரைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது, செத்துப்போனவருக்கும் அவர் பொண்டாட்டிக்கும்தான் விசாரணை. 2022-ல மட்டும் இந்தியா முழுக்க ரோடு விபத்துல செத்தவங்க 1,68,491 பேருன்னு மத்திய அரசு கணக்கே சொல்லுது, அத்தனை வீட்லயும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்க. அந்த வீட்டுக்குள்ள போய் "அண்ணி, அவர் மேல ஒரு தப்பும் இல்ல, நான் பாத்தேன்"னு சொல்ல வேண்டிய ஆளே நீங்கதான், நீங்க ஒளிஞ்சுட்டு இருந்தா எப்படி?

இப்ப அந்த வெள்ளை சைக்கிள். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊர்ல 2003-ல ஆரம்பிச்ச பழக்கம் அது, சைக்கிள்காரங்க அடிபட்ட இடத்துல முழுக்க வெள்ளையடிச்ச சைக்கிளை நிறுத்துறது, இப்ப பல நாட்டுலயும் நிறுத்துறாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அண்ணனோட சைக்கிளைத் தொடாதீங்க, ஒரு ஸ்குரூவைக்கூடக் கழட்டக் கூடாது, ஏன்னா அது இப்ப கேஸ் சாட்சி. பின் சக்கரம் எப்படி வளைஞ்சிருக்கு, லைட் ஸ்விட்ச் எந்த நிலையில இருக்குங்குறதெல்லாம் நாளைக்குப் பேச வேண்டியது வரும். காரோட இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் கண்டிப்பா கிளப்புவாரு, இருட்டுல வந்தாரு, நடு ரோட்டுல வந்தாரு, லைட் இல்லன்னு. அப்படி அவர் மேலயும் பாதி தப்புன்னு ஆயிட்டா அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கிற நஷ்ட ஈட்டுல அந்தப் பங்கைக் குறைச்சுருவாங்க. அதனால அண்ணன் சைக்கிள்ல இருந்த ஜிபிஎஸ் மீட்டர், அவரோட ஸ்ட்ராவா (சைக்கிள் சவாரியைப் பதிவு பண்ற ஆப்) கணக்கு, உங்க எல்லார் போன்லயும் இருக்கிற அன்னைய ரைடு ரெக்கார்டு, யாராவது கேமரா மாட்டியிருந்தா அந்த வீடியோ, கிளம்பும்போது எடுத்த குரூப் போட்டோ (பின் லைட் எரியுறது தெரியும்ல), எதையும் அழிக்காம ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க. எத்தனை மணிக்கு எந்த இடத்துல எவ்வளவு வேகத்துல போனாருன்னு வினாடிக் கணக்கா அதுல இருக்கும். அப்புறம் நீங்க பாத்ததை மறக்குறதுக்கு முன்னாடி தேதி போட்டு எழுதி வைங்க, போலீஸ் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டா தட்டிக் கழிக்காம போங்க. எழுதுறப்ப அழுகை வரும், வந்தா வரட்டும்.

ரேலி பத்தி. அண்ணி மனசார சரின்னு சொன்னா போங்க, இல்லன்னா வேண்டாம், அவ்வளவுதான். போறதா இருந்தா ஃபிளெக்ஸும் ஸ்பீக்கரும் வேண்டாம். 2003-லயே அமெரிக்காவுல டல்லாஸ்ல கிறிஸ் ஃபெலன்னு ஒருத்தரு, கூட ஓட்டின நண்பர் ஸ்கூல் பஸ் கண்ணாடி இடிச்சு செத்தப்ப, ஒரு சவாரி நடத்துனாரு, யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மணிக்கு 19 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, கையில கறுப்புப் பட்டை, முடிஞ்சதும் கலைஞ்சு போயிடணும், இப்பவும் வருசா வருசம் மே மாசம் மூணாவது புதன்கிழமை பல ஊர்ல போறாங்க. நம்ம ஊருக்கும் அது பொருந்தும்னு தோணுது, அவர் டீ குடிச்ச கடை வரைக்கும் சும்மா போய்ட்டு வாங்க, டீக்கடைக்காரரும் அவரைத் தேடிக்கிட்டுத்தான் இருப்பாரு.

ரேலிக்கு வச்சிருக்கிற வேகத்தைக் கலெக்டர் ஆபீஸ்ல காட்டுங்க. சிவகங்கையில திங்கக்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கும், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் கமிட்டிக்குத் தலைவரும் கலெக்டர்தான். அந்த இடத்துக்கு வெளக்கு, ரிஃப்ளெக்டர், ரோட்டோரத்துல வெள்ளைக்கோட்டுக்கு வெளிய நல்ல தார் போட்ட இடம், இதைக் கேட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்க. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியா பழநிக்கு நடக்குறவங்க இருட்டுல நடக்குறதும் நம்ம பக்கத்து ரோட்டோரத்துலதானே, பாதயாத்திரைக்காரங்களையும் மனுவுல சேத்துக்கோங்க. வெள்ளை சைக்கிள் வைக்கிறதா இருந்தாலும் (வேற பழைய சைக்கிள்) ஹைவேஸ்காரங்ககிட்ட அனுமதி வாங்கிட்டு வைங்க, இல்லன்னா பழைய இரும்புன்னு தூக்கிட்டுப் போயிருவாங்க, அதைப் பாக்குறது இன்னொரு கொடுமை.

சைக்கிளே வேண்டாங்குறவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க, கோழைன்னு பேசாதீங்க. ஓட்டுறவங்க இருட்டுல கிளம்புறதை விட்டுருங்க. சென்னையிலருந்து 400 கிலோமீட்டர், ராத்திரி கிளம்புன வண்டியெல்லாம் நம்ம பக்கம் வந்து சேர்றது விடியுற நேரத்துல, தூக்கம் மனுசனை அமுக்குறதும் அந்த நேரத்துலதான். நல்லா வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஆத்தங்குடி பக்கம் உள் ரோடாப் போங்க, வெயில் கொஞ்சம் அடிக்கும், பரவாயில்ல.

பையனுக்கு நீங்களா வான்னும் சொல்லாதீங்க, வராதன்னும் சொல்லாதீங்க. "அம்மாகிட்ட பேசுப்பா, அவங்க எப்ப சரின்னு சொல்றாங்களோ அப்ப நான் உன்கூட வர்றேன்"னு சொல்லுங்க. அவனுக்கு அப்பா போன அதே பாதையில போகணும்னு இருக்கும், அம்மாவுக்கு இன்னொருத்தரை அந்த ரோட்டுக்கு அனுப்புறதான்னு இருக்கும், ரெண்டுமே நியாயம். அதுவரைக்கும் சாயங்காலம் அவனோட உக்காந்து அந்தப் பழைய சைக்கிளுக்கு செயின் கழுவி எண்ணெய் போடக் கத்துக்கொடுங்க, அப்பாவைப் பத்தி அவனுக்குத் தெரியாத கதையெல்லாம் உங்ககிட்ட இருக்கும்ல, கைவேலை நடக்கும்போது தானா பேச்சு வரும்.

கடைசியா, எஃப்ஐஆர் காப்பியும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் அண்ணி கையில வந்துருச்சான்னு பாருங்க, வரலன்னா அவங்களை ஸ்டேஷனுக்கு அலைய விடாம நீங்க அவங்க சொந்தக்காரர் ஒருத்தரோட போய் வாங்கிக் கொடுங்க. கார் யாருன்னு தெரிஞ்சதால அதோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்லருந்துதான் நஷ்ட ஈடு வரணும், அதுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துல மனுப் போடணும், குடும்பம் குடியிருக்கிற ஊர்ப் பக்கத்துலயே போடலாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் சட்டத்துல ஆறு மாசக் கெடு வந்திருக்கு, ஒரு மாசம் ஏற்கனவே போயாச்சு. வீட்டுல வந்து சமரசம் பேசுறேன்னு யாராவது பேப்பர் நீட்டினா வக்கீலைப் பாக்காம அண்ணி கையெழுத்துப் போட வேண்டாம், இதை இன்னைக்கே சொல்லிருங்க.