பிரியமும் பாரபட்சமும்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். என் பிள்ளைகளின் விதவிதமான சுபாவங்களைப் பார்ப்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஒருவன் எதையும் கேள்வி கேட்காமல் ஏற்கமாட்டான். ஒருத்தி பென்சில் சீவவே கால்மணி நேரம் எடுத்துக்கொள்வாள். இன்னொருவன், பக்கத்தில் இருப்பவன் அழுதால் தானும் அழுதுவிடுவான். ஆனால் மூத்த ஆசிரியர் ஒருவர், "சுபாவத்தை ரசித்துக்கொண்டிருந்தால் பாடம் நடக்காது, எல்லோரையும் ஒன்றுபோல நடத்துவதே நியாயம்" என்கிறார். என் பிரியம் பாரபட்சமாகிவிடுமோ என்ற கலக்கம் எனக்கும் உண்டு. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பென்சில் சீவும் சிறுமியைப் பற்றிய வரியை மறுபடியும் படித்துப் பார்த்தேன். அவளைச் சோம்பேறி என்று நீங்கள் எழுதவில்லை. கால்மணி நேரம் எடுத்துக்கொள்வாள் என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். பிரியம் இல்லாதவர்களுக்கு இப்படிப் பார்க்க வராது. அவர்கள் பெயர் வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்கள். ஆகவே, உங்கள் மகிழ்ச்சியைப் பாடத்துக்கு வெளியே உள்ள ஒன்றாக நீங்கள் கருத வேண்டியதில்லை.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி நீங்கள் இப்போது அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பார்த்துச் சொல்லிக்கொடுப்பீர்கள். ஒரு பிள்ளையின் வாசிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்த நிலை காட்டும். ஏன் அங்கே நிற்கிறது என்பதைக் காட்டாது. அரும்பு நிலையில் இருக்கும் இருவரில் ஒருவன், தவறாகப் படித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்காதவனாக இருக்கலாம். மற்றவன், வரியின் பாதியிலேயே ஜன்னலுக்கு வெளியே போகும் மாட்டைப் பார்க்க எழுந்துவிடுபவனாக இருக்கலாம். முதலாமவனை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துத் தணிந்த குரலில் படிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாமவனுக்கு நின்றுகொண்டும் நடந்துகொண்டும் செய்யக்கூடிய வேலை தர வேண்டும். இருவருக்கும் ஒரே பயிற்சி அட்டையை ஒரே விதமாக நீட்டுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் இருவருமே அதனால் கற்கமாட்டார்கள்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் புரிதல்தான். அதில் பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து ஏணிப்படிபோல அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் செய்து பார்த்துக் கற்றபடி தன் வேகத்தில் அதில் ஏறலாம். ஆசிரியரின் முழு உதவியோடு கற்பவர்களுக்கு ஒரு குழு, சக மாணவரின் உதவியோடு கற்பவர்களுக்கு ஒரு குழு, தானே கற்பவர்களுக்கு ஒரு குழு என்று வகுப்பறையே பிரிந்து உட்கார்ந்தது. அட்டைகளை வெறுமனே எண்ணி முடித்த பள்ளிகளும் உண்டு. பிள்ளையை அறிந்த ஆசிரியரின் கையில்தான் அந்த ஏணிக்கு உயிர் வந்தது.

சுபாவம் என்பது வளர்ப்பினால் மட்டும் வருவதன்று. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எளிதில் இணங்குபவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம், இணங்கக் கடினமானவர்கள் 10 சதவீதம், புதியவற்றோடு மெல்லப் பழகுபவர்கள் 15 சதவீதம் என்று அவர்கள் கண்டார்கள். குழந்தையின் சுபாவத்துக்கும் சுற்றியுள்ள பெரியவர்களின் எதிர்பார்ப்புக்கும் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்பதே முக்கியம் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. உங்கள் பென்சில் சிறுமி, மெல்லப் பழகும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கக்கூடும். அவசரப்படுத்தினால் அவள் இன்னும் மெதுவாகத்தான் சீவுவாள்.

மீதமுள்ள 35 சதவீதக் குழந்தைகள் அந்த மூன்று வகைகளில் எதிலும் அடங்கவில்லை. உங்கள் கலக்கத்துக்கான பதில் அவர்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்பவனும் சேர்ந்து அழுபவனும் உங்கள் கடிதத்துக்குள் தாமாகவே வந்துவிட்டார்கள். நேரத்துக்கு வந்து, சொன்னதை எழுதி, மணியடித்ததும் வீட்டுக்குப் போகிற பிள்ளை யாருடைய கடிதத்திலும் இடம்பெறுவதில்லை. பாரபட்சம் நுழைவது இங்கேதான். குறும்புக்காரனிடம் வைக்கும் பிரியத்தால் அன்று, நம் கண்ணை இழுக்காதவர்களை மறந்துபோவதால். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அந்தப் பிள்ளை இந்த வாரம் எதைப் பார்த்துச் சிரித்தது, யாரோடு சேர்ந்து உண்டது, எதற்குப் பயந்தது என்று நினைத்துப் பாருங்கள். எந்தப் பெயருக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லையோ அந்தப் பிள்ளையின் அருகில் மறுநாள் உட்காருங்கள். ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துபவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை என்றாலும் போதும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதத்தில் இவர்கள் மூன்றாம் வகுப்புக்குப் போவார்கள். மதிப்பெண்கள் பதிவேட்டில் ஏறிவிடும். நீங்கள் அறிந்துவைத்திருப்பது ஏறாது. அடுத்த ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். "அவள் மந்தம், அவன் அழுமூஞ்சி" என்ற பேச்சு வேண்டாம். காலையில் பென்சிலை முன்கூட்டியே சீவிவைக்கச் சொன்னால் அவள் எல்லோரோடும் சேர்ந்து எழுதத் தொடங்கிவிடுகிறாள் என்பது போல, எது பலித்ததோ அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்.