மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள், நிறுத்திவிடவா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தூக்கமே இல்லை, சும்மாவே அழுகை வருகிறது, இரண்டு பேப்பர் அரியர். யாரிடமும் சொல்லாமல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டினேன். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை எழுதித் தந்தார்கள். ரூம்மேட் அட்டையைப் பார்த்து கூகுளில் தேடிவிட்டாள். இப்போது மெஸ்ஸுக்குப் போனால் "ஏட்டி, கோட்டி வருது" என்று பைத்தியமாக்கிச் சிரிக்கிறார்கள். பத்து நாளாகியும் குணம் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா? காலேஜுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்களா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது? – பெயர் வேண்டாம்

பதில்: நிறுத்தாதே மகளே. இது தலைவலி மாத்திரை இல்லை, போட்டதும் கேட்பதற்கு. பிடிப்பதற்கே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். முதலில் சிலருக்குக் குமட்டலும் படபடப்பும்தான் வரும். நீயாகத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல் என்று வேறு தொல்லை. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. உன் வயதில் சிலருக்கு ஆரம்பத்தில் மனசு இன்னும் கீழே போவதும் உண்டு. செத்துப்போகலாம் என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதே. 14416-க்குப் போன் போடு. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அப்படியே வார்டனையும் எழுப்பு. திட்டினால் திட்டட்டும்.

நான் நர்ஸாக இருந்த காலத்தில், மனநல ஓ.பி. வரிசையில் நிற்கும் காலேஜ் பிள்ளைகள் தெரிந்த முகம் தட்டுப்பட்டால் சீட்டைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு தோல் டாக்டர் வரிசைக்கு நழுவிவிடுவார்கள். அங்கே டோக்கன் போய்விடும், அன்றைக்கு வைத்தியமும் போச்சு. நீ உள்ளே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறாய்.

காலேஜ் பயம் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ம் பிரிவு: உன் வியாதி, வைத்தியம் எதையும் டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விதிவிலக்குகள்தான். ரூம்மேட்டைக் கட்டிப்போட அதில் வழியில்லை, என்ன செய்ய! "ஆமா, மாத்திரை போடுதேன், அதுக்கென்ன இப்போ?" என்று ஒருதரம் கேட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பார். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டாம். அரியர் பேப்பருக்கு உதவக்கூடிய ஒரு மிஸ்ஸிடம் மட்டும் சொல்லி வை.

அப்புறம், அம்மா. போனில் சொல்லாதே, பதறிப்போய் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். ஊருக்குப் போகும்போது சொல். "டிப்ரஷன்" என்று ஆரம்பிக்காதே. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, படிப்பு ஓடவில்லை என்று சொல், அது அவளுக்குப் புரியும். முதலில் சுடலைமாடன் கோயிலுக்குத்தான் கூட்டிப்போவாள். போ, திருநீறு பூசிக்கொள், ராத்திரி மாத்திரையையும் போட்டுக்கொள். சாமி கோபித்துக்கொள்ளாது. அடுத்த தடவை ஓ.பி.க்கு அவளையும் கூட்டிப் போய் டாக்டர் வாயாலேயே கேட்கவை. பழைய சீட்டை மறந்துவிடாதே. புதுச் சீட்டுப் போட்டால் முதலிலிருந்து எல்லாக் கதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.