முட்டைக்கோஸைத் திட்டாதீர்கள்

கேள்வி: வயது 36. கழுத்து வீங்கினாற்போல இருக்கிறதே என்று ரத்தம் பரிசோதித்தேன். டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) 11.4, ஆன்டி டிபிஓவும் (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) அதிகம். 'ஹாஷிமோட்டோ தைராய்டு' என்றார்கள். ஆறு மாதமாக 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை. இன்னும் டிஎஸ்ஹெச் 8-லேயே நிற்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கம்பு, கோதுமை எல்லாம் விட்டாயிற்று. இந்துப்புக்கு மாறி, கடல்பாசிப் பொடியும் அமுக்கரா சூரணமும் சாப்பிட்டால் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்கிறார் என் ஓரகத்தி. செய்யலாமா டாக்டர்?
- வாசகி, ஈரோடு

பதில்: எதையெல்லாம் விட்டீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு விழுங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே அம்மா! நான் அதைத்தான் முதலில் கேட்பேன். நானும் 19 வருடமாக இதே வியாதிக்காரிதான்.

எனக்கு வந்த புதிதில், காலை ஐந்தரைக்கு டிகாக்‌ஷன் இறங்கியதும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அதன் மேலேயே காபியை ஊற்றிவிடுவேன். நோயாளிகளுக்கெல்லாம் 'வெறும் வயிற்றில்' என்று எழுதிக் கொடுத்த கை இது. காபியை நான் ஆகாரக் கணக்கில் சேர்த்ததே இல்லை! டிஎஸ்ஹெச் 7-க்குக் கீழே இறங்க மறுத்தது. ஒரு நாள் மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையிலிருந்து எடுத்துப்போய்க் கட்டிலருகே தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். விடியற்காலை எழும்போது மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரண்டு மாதத்தில் 3.1. மாத்திரையின் அளவு அதேதான்.

இந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைக் காபி குறைக்கும், பாலில் உள்ள கால்சியமும் குறைக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பாட்டில் அடுப்படியில் இருந்தால் சூட்டிலும் ஆவியிலும் மருந்தின் வீரியம் போய்விடும். நேரத்தை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதியுங்கள். மருந்து ஒழுங்காகச் சேர ஆரம்பித்தால் 75-ஏ அதிகமாகிப் படபடப்பு வரலாம், அப்போது டாக்டர் அளவைக் குறைப்பார்.

கடல்பாசிப் பொடி வேண்டவே வேண்டாம். 1912-ல் ஹாஷிமோட்டோ ஹகாரு என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து எழுதிய வியாதி இது. கடல்பாசியை அன்றாடம் சாப்பிடும் நாடு ஜப்பான்! நம் எதிர்ப்பு சக்தியே நம் தைராய்டைத் தாக்குவதுதான் இங்கே கோளாறு. கடல்பாசியில் நிறைந்திருக்கும் அயோடினை அதில் அளவுக்கு மீறிக் கொட்டினால் தாக்குதல் இன்னும் மூளும். அதற்காக இந்துப்புக்கும் ஓடாதீர்கள். அதில் அயோடின் மிகக் குறைவு, தினமும் 150 மைக்ரோகிராமாவது உடம்புக்குத் தேவை. கடையில் விற்கும் சாதாரண அயோடின் உப்பே போதும்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. மாத்திரையோடு சேர்த்தால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று உங்கள் டாக்டருக்கும் தெரியாது, சித்த மருத்துவருக்கும் தெரியாது. சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது.

முட்டைக்கோஸ் பொரியல் பாவம், அதைத் திட்டாதீர்கள். வேகவைத்தாலே தைராய்டுக்கு அது தரும் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்காமல் இருந்தால் சரி. கம்பு மூன்று வேளையும் வேண்டாம், எப்போதாவது கம்மங்கூழ் தாராளமாகக் குடிக்கலாம். கோதுமையை ஒதுக்க வேண்டியது சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) இருப்பவர்கள்தான். சந்தேகம் இருந்தால் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும், நிறுத்திய பிறகு செய்தால் வியாதி தெரியாமல் போகலாம். முட்டையும் மத்தி மீனும் சாப்பிடுங்கள், செலினியம் என்ற தாதுச்சத்து கிடைக்கும். செலினியத்தால் ஆன்டி டிபிஓ எண் சிலருக்குக் குறைகிறது, ஆனால் அதனால் மாத்திரையை விட முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையும் சேர்த்துக்கொண்டேன். திடீரென்று டிஎஸ்ஹெச் மிகவும் இறங்கிவிட்டது. மருந்தைக் குறைக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்படாதீர்கள். பயோட்டின் பல ஆய்வகக் கருவிகளை ஏமாற்றும். டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். இரண்டு நாள் பயோட்டினை நிறுத்தி, மறுபடி ரத்தம் கொடுங்கள். அந்த முடிவோடு டாக்டரைப் பாருங்கள்.